பழத்தோலும் யுரேனியமும்

தோடம்பழச் சாறு எடுக்கும் தொழிற்சாலையொன்றினுள் நூறு இறாத்தல் பழம் சென்றால், ஏறக்குறைய ஐம்பது இறாத்தல் சாறாக வெளிவரும். எஞ்சிய பாதி தோலும் சக்கையும் விதையுமாகக் குவிந்து கிடக்கும். அக் குவியலை என்செய்வது என்பது தொழிற்சாலைக்காரருக்கு என்றுமுள்ள தொல்லை. ஈரம் மிகுந்த பொருளாதலின் இரண்டு நாளிற் புளித்து நாற்றமெடுக்கும். மாட்டுத் தீவனமாக்கலாமெனினும், அதனை உலர்த்துவதற்கு ஆகும் எரிபொருட் செலவு தீவனத்தின் விலையை விழுங்கிவிடும்.

யப்பானின் பெருந்தீவுகள் நான்கனுள் தெற்கே அமைந்த கியூசு, தோடையினப் பழங்களுக்குப் பேர்பெற்றது. அத் தீவிலுள்ள மியாசாக்கி மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துவந்த சக்காகுச்சி, நக்காசிமா என்னும் இருவர், 1980 ஆம் ஆண்டுகளில், இத்தகைய கழிவுகளை எவரும் எதிர்பாராத வேலையொன்றில் ஈடுபடுத்திப் பார்த்தனர். நீரிற் கரைந்திருக்கும் யுரேனியத்தைப் பற்றி வெளியே எடுக்க இவை வல்லனவா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. குப்பையிற் கிடக்கும் தோல் எங்கே, அணுவுலைக்கு உணவாகும் உலோகம் எங்கே என்று நேயர்கள் வியக்கக்கூடும். ஆயினும் அவ் வினா எழுந்ததற்குத் தக்க காரணம் இருந்தது.

யப்பானியர் மின்சாரத்துக்காக அணுவுலைகளை அமைத்தனர். அவற்றுக்கு வேண்டிய யுரேனியமோ அவர்தம் மண்ணில் மிகச் சொற்பம். 1955 ஆம் ஆண்டில் நிங்யோ கணவாயில் யுரேனியத் தாது கண்டறியப்பட்டபோது நாடே மகிழ்ந்தது. அஃது ஒரு நாட்டின் தேவைக்குப் போதாதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே அறிஞர் சிலருடைய கண் கடலின்மேற் சென்றது. ஒரு தொன் கடல்நீரில் 3 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட யுரேனியம் கரைந்திருக்கின்றது. ஓர் அரிசிமணியின் நிறையிற் சிறு பங்குதான் அது. எனினும் உலகக் கடல்கள் யாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 450 கோடி தொன் ஆகும். கடலிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க மலிவான, மீண்டும் மீண்டும் பயன்படக்கூடிய ஒரு பொருள் வேண்டியிருந்தது.

உலகின் பிறிதொரு பகுதியிலோ இதே உலோகம் நீரில் இருப்பது செல்வமாகத் தோன்றவில்லை, நஞ்சாகவே தோன்றிற்று. அமெரிக்காவின் தென்மேற்கே நவாகோ எனும் பழங்குடி மக்கள் வாழும் நிலத்தில் 1944 முதல் 1986 வரை ஏறக்குறைய 3 கோடி தொன் யுரேனியத் தாது அகழப்பட்டது. அகழ்ந்தவர் சென்றனர், கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூற்றுக்கு மேல் எஞ்சின. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் சேச் றொக் என்னுமிடத்தில், தாது அரைத்த கழிவுநீரைத் தேக்கி வைத்திருந்த மண்ணணை 1979 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் நாட் காலையில் உடைந்தது. 9 கோடி 40 இலட்சம் கலன் அமிலக் கழிவுநீரும் 1,100 தொன் திண்மக் கழிவும் புவேர்க்கோ ஆற்றிற் பாய்ந்தன. ஆட்டுமந்தைகளுக்கு நீர் காட்டும் ஆறு அது. குழாய்நீர் எட்டாத வீடுகள் பல அந் நிலத்தில் இன்றும் உள்ளன. அத்தகைய வீட்டாருக்கு, விலையுயர்ந்த இயந்திரமின்றி நீரிலுள்ள யுரேனியத்தை நீக்க வழியுண்டா என்பது வெறும் ஆய்வுகூட வினாவன்று.

யுரேனியம் அணுகுண்டோடு பிறந்த பொருளென்று கருதுவோர் பலர். அது மலையோடு பிறந்தது. கருங்கற் பாறைகளிலும் மணலிலும் சிறிதளவேனும் இல்லாத நாடில்லை. நமது இலங்கையிலேயே, கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக விளங்கிய ஆனந்த குமாரசுவாமி 1904 ஆம் ஆண்டளவில் கண்டெடுத்த கரிய கனியமொன்று தோரியமும் யுரேனியமும் செறிந்ததாயிருந்தது. தோரியனைற்று என்னும் பெயரோடு அது உலக நூல்களில் இடம்பெற்றது. கலைகளின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற அறிஞரின் முதற் புகழ் கல்லிலிருந்து வந்ததென்பது பலர் அறியாத செய்தி.

நீரிற் கரைந்த யுரேனியம் உடலுக்குச் செய்யும் தீங்கு யாது? அதன் பெரும்பகுதியாகிய யுரேனியம் 238 பாதியாகச் சிதைவதற்கு ஏறக்குறைய 450 கோடி ஆண்டு செல்லும். அவ்வளவு மெல்லச் சிதைவதால் அதன் கதிர்த்தொழிற்பாடு வலிகுன்றியது. குடிநீர் வழியாக வரும்போது கதிரைக்காட்டிலும் அதன் இரசாயன நச்சுத்தன்மையே முந்திக்கொள்கின்றது; முதலில் அடிபடுவது சிறுநீரகம். இது காரணமாகவே உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 30 மைக்கிரோகிராம் என்னும் எல்லையை விதந்துரைத்திருக்கின்றது. ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், யுரேனியம் சாகாது. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் மிஞ்சிய நீரில் அதன் செறிவு சற்று மிகவே செய்யும்.

இனித் தோலின் வல்லமைக்கு வருவோம். பழப்பாகு காய்ச்சுவோர் ஒரு செய்தியை அறிவர்: தோடந்தோலையும் சதையையும் சீனியிட்டுக் காய்ச்சினால் ஆறியதும் அது இறுகிக் கட்டியாகும். இறுக்குவது பெக்டின் என்னும் பொருள். பழத்தின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இயற்கைப் பசை அது. நீண்ட சங்கிலிபோன்ற அதன் மூலக்கூறு நெடுகிலும் சிறு சிறு அமிலக் கூட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நீரில் இவை ஐதரசனை விட்டுவிட்டு எதிரேற்றம் உடையனவாக நிற்கும். உலோகங்களோ நீரிற் கரையும்போது நேரேற்றம் பெறுகின்றன. யுரேனியம் இரண்டு ஒட்சிசன் அணுக்களைத் தோளில் தாங்கியபடி, இரட்டை நேரேற்றத்தோடு நீரில் உலாவும். தோலின் அருகே வந்ததும் எதிரேற்றக் கூட்டங்கள் அதனைப் பற்றிக்கொள்ளுகின்றன. தோல் உண்பதுமில்லை, வடிகட்டுவதுமில்லை, மேற்பரப்பிற் பிடித்துவைக்கின்றது. விஞ்ஞானிகள் இதனைப் புறத்துறிஞ்சல் என்பர்.

பெக்டினைக்காட்டிலும் வலிய பிடியுடைய பொருளொன்றும் பழங்களில் உண்டு. அது தனின் எனப்படும் துவர்ப்புப் பொருள். யப்பானியர் காக்கி என்று வழங்கும் பெர்சிமன் பழத்தைக் காயாகக் கடித்தால் நாக்கு மரத்து ஒட்டிக்கொள்ளும். அக் காயை இடித்துப் புளிக்கவைத்தெடுத்த சாற்றை அந் நாட்டவர் நெடுங்காலமாகக் கடதாசிக்கும் மரத்துக்கும் மீன்வலைக்கும் பூசிவந்திருக்கின்றனர். பூசியபொருள் நீருக்கு ஈடுகொடுக்கும். இதனைக் கேட்டதும் நமது கரையோரத்து முதியோர் பனிச்சங்காயை நினைப்பர். நைலோன் வலை வருமுன்னர் நூல்வலைகளைத் தோய்த்து வலுவேற்றியது பனிச்சங்காய்ச் சாறுதான். தோணியின் பலகையிடுக்கை அடைக்கவும் அது உதவிற்று. பனிச்சையும் காக்கியும் தாவர நூலின்படி ஒரே இனத்தவை. கருங்காலியும் அவற்றின் உடன்பிறப்பே. வலையின் நூலைப் பற்றிக்கொண்ட அதே துவர்ப்பு உலோகத்தையும் பற்றும். தனின் மூலக்கூறில் ஐதரொட்சில் கூட்டங்கள் பக்கம்பக்கமாக அமைந்திருக்கின்றன; இரண்டு விரலாற் கிள்ளி எடுப்பதுபோல் அவை யுரேனியத்தைக் கவ்வுகின்றன.

ஆயின் தனின் நீரிற் கரையும் பொருள். உலோகத்தைப் பற்றிக்கொண்டு தானும் நீரோடு போய்விட்டால் பயன் என்ன? மியாசாக்கி ஆராய்ச்சியாளர் அதனைக் கரையாத மணியாக மாற்றிக்கொண்டனர். 1987 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியக்கத்தக்கது. அவ்வாறு நிலைப்படுத்திய தனின் ஒரு கிராம், இயற்கைக் கடல்நீரிலிருந்து 22 மணித்தியாலத்தில் ஏறக்குறைய இரண்டரை மில்லிகிராம் யுரேனியத்தைப் பற்றியது. கடலிலுள்ள செறிவோடு ஒப்பிட்டால் இது 7 இலட்சம் மடங்குக்கு மேல். பற்றியதை மிக நீர்த்த அமிலத்தாற் கழுவினால் ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிட்டது. மணிகள் மறுபடியும் வேலைக்கு ஆயத்தமாயின.

தனினைப் பிரித்தெடுப்பதற்கும் பணம் வேண்டும். பிரிக்காமலே, கழிவை உள்ளவாறே பயன்படுத்தினால் என்னவாகும்? 1990 ஆம் ஆண்டில் நக்காசிமாவும் சக்காகுச்சியும் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. ஏழுவகைத் தாவரக் கழிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். தோடந்தோலும், பம்பளிமாசுக்கு உறவான கிறேப்புறூட் பழத்தோலும், கச்சான் கொட்டையின் உட்தோலும், செஸ்நற் கொட்டையின் எச்சமும் அவற்றுட் சில. உப்பில்லாத நீரில், இலீற்றருக்கு 10 மில்லிகிராம் யுரேனியம் கலந்தபோது கழிவுகளுட் பல அதனை நன்றாகப் பற்றின. அதே அளவைக் கடல்நீரிற் கலந்தபோது காட்சி மாறிற்று. செஸ்நற் எச்சம் ஒன்றே முன்போலத் தொழிற்பட்டது, மற்றவை பின்வாங்கின.

ஏன் பின்வாங்கின என்பதை விளங்கிக்கொண்டால் இவ் விடயத்தின் உயிர்நிலை விளங்கிவிடும். நன்னீரில் யுரேனியம் நேரேற்றத்தோடு தனித்து உலாவக்கூடும். கடல்நீரிலோ காபனேற்று அயன்கள் மூன்று அதனைச் சூழ்ந்து கட்டிக்கொள்கின்றன. கட்டுண்ட கூட்டத்தின் மொத்த ஏற்றம் எதிரேற்றமாக மாறிவிடுகின்றது. எதிரேற்றமுடைய தோல் எதிரேற்றமுடைய பொருளை எவ்வாறு அழைக்கும்? போதாக்குறைக்குக் கல்சியமும் மகனீசியமும் பேரளவில் நின்று தோலின் இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. காபனேற்றின் பிடியிலிருந்தே யுரேனியத்தைப் பறிக்கத்தக்க கவ்வுவலிமை துவர்ப்பு மிகுந்த பொருளுக்குத்தான் உண்டு. செஸ்நற்றின் உட்தோல் கடுந்துவர்ப்பானது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம்.

கடலுக்குப் பொருந்துவது ஓரளவு கிணற்றுக்கும் பொருந்தும். நிலத்தடி நீர் பெரும்பாலும் கல்சியமும் காபனேற்றும் கரைந்த வன்னீர். வடித்தெடுத்த தூய நீரில் யுரேனியத்தைக் கலந்து செய்யும் பரீட்சையில் தோல் காட்டும் திறமையை ஊர்க் கிணற்றிலும் அப்படியே எதிர்பார்த்தல் கூடாது. செய்தித்தாள்களில் இத்தகைய ஆராய்ச்சிகளைப்பற்றி வரும் குறிப்புகள் சதவீதத்தை மட்டும் பறைசாற்றுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீங்கியது என்று ஒரு குறிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருந்ததாயின், எஞ்சிய ஒரு பங்கு 100 மைக்கிரோகிராம். அது குடிநீருக்கு விதித்த எல்லையின் மூன்று மடங்குக்கு மேல்! கேட்கவேண்டியது எவ்வளவு நீங்கிற்று என்பதன்று, எவ்வளவு எஞ்சிற்று என்பதே.

பச்சைத் தோலை அப்படியே நீரில் இடுவதிலும் இடர் உண்டு. அதிலுள்ள சீனியும் அமிலமும் நிறமும் நீரில் இறங்கும். மறுநாளே கிருமிகள் பெருகும். குடத்திலோ கிணற்றிலோ தோடந்தோலைப் போட்டுவைப்பது நீரைக் கெடுக்கும் வழி. மியாசாக்கியில் அவர்கள் கழிவுகளைப் போமல்டிகைட்டினாற் பதப்படுத்தினர்; பற்றும் ஆற்றல் அதனாற் கூடிற்று. தோடந்தோல், கிறேப்புறூட் தோல், கச்சான் உட்தோல் ஆகியவை பல உலோகங்கள் கலந்த நீரிலும் யுரேனியத்தையே முதன்மையாகத் தெரிந்தெடுக்கும் இயல்பை அடைந்தன. ஆயினும் போமல்டிகைட்டு தானே ஒரு நஞ்சு. குடிநீருக்கு அது உகந்த துணையென்று சொல்வதற்கில்லை. அதே கியூசுத் தீவின் சாகா பல்கலைக்கழகத்தில் இனோவே என்னும் பேராசிரியரும் அவர்தம் துணைவரும் வேறொரு வழியைக் கையாண்டனர். சாறு பிழிந்த தோடஞ் சக்கையைச் சுண்ணாம்பு நீரோடு சேர்த்து, பெக்டினின் மூடியிருந்த அமிலக் கூட்டங்களைத் திறந்துவிட்டனர். சுண்ணாம்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. இம் முறை அறிவுக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது.

இதே காலத்தில் வாழைநாடாகிய பிறேசிலில் வாழைத்தோல் பரீட்சிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் அங்கே வெளியான ஆராய்ச்சியொன்று, அரைத்த வாழைத்தோல் ஆற்றுநீரிலிருந்து செம்பையும் ஈயத்தையும் பற்றியதோடு, பதினொரு தடவை வரை மீண்டும் பயன்பட்டதாகவும் கூறிற்று. செம்பும் ஈயமும் கதிர் வீசுவன அல்ல. ஆயினும் பிடிக்கும் முறை ஒன்றே.

2011 ஆம் ஆண்டு மார்ச்சு 11 ஆம் நாள் நிலநடுக்கமும் கடல்கோளும் யப்பானின் புக்குசிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தபின், கதிர்த்தொழிற்பாடுள்ள நீர் என்றவுடன் எவர்க்கும் அந்த ஊரே நினைவுக்கு வருகின்றது. பழத்தோல் அங்கே கைகொடுத்திருக்கக்கூடாதா என்று கேட்போர் உளர். அந் நீரில் இருந்தவை வேறு பொருள்கள். முதன்மையானது சீசியம். அது பொற்றாசியத்தின் தம்பிபோன்றது, ஒற்றை ஏற்றமுடையது, எதனோடும் இறுகக் கட்டுப்படாமல் நீரோடு வழுவிச் செல்வது. பெக்டின் அதனைப் பற்றினாலும் பிடி தளர்வு. கடல்நீரின் சோடியம் அருகே வந்தால் அப் பிடியும் விட்டுப்போகும். ஆதலின் அங்கே சியோலைற்று என்னும் கனியத்தைப் பொதிந்த கலன்களே முதலிற் பணிசெய்தன. சீசியம் சரியாகப் பொருந்தி அகப்படும் அளவான நுண்துளைகள் அக் கனியத்தில் உண்டு. ஸ்ரொன்சியம் முதலிய பிறவற்றை நீக்கப் பெரிய இரசாயனத் தொகுதியொன்று 2013 முதல் இயங்கிற்று. இவ்வளவுக்குப் பின்னரும் திரிற்றியம் மட்டும் நீங்கவில்லை. திரிற்றியம் என்பது ஐதரசனின் ஒருவகை. நீரின் மூலக்கூறிலேயே அது ஓர் உறுப்பாக அமைந்துவிடுவதால், அது நீரில் இருக்கும் பொருளன்று, நீரே அது. தோலோ கல்லோ எதனை விட்டு எதனைப் பற்றும்? அந் நீரைப் பெருமளவு கடல்நீரோடு கலந்து கடலில் விடும் பணி 2023 ஆம் ஆண்டு ஓகத்து 24 ஆம் நாள் தொடங்கியது. அயல்நாடுகளும் மீனவரும் எழுப்பிய எதிர்ப்பையும் உலகறியும்.

தோல் யுரேனியத்தை அழிப்பதில்லை. உலகில் எந்த இரசாயனப் பொருளும் அதனை அழிக்கவில்லை. நீரிற் பரந்து கிடந்ததைத் தோல் ஓரிடத்திற் குவிக்கின்றது. குவித்தபின் தோலே நஞ்சாகின்றது. அதனைத் தோட்டத்து எருக்குழியில் இட்டால், மக்கும் தோல் தான் பிடித்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மழை அதனைக் கிணற்றுக்குக் கொண்டுசேர்க்கும். எனினும் இவ்விடத்திற் பழத்தோலுக்கு ஒரு மேன்மை உண்டு. சியோலைற்றை எரிக்க முடியாது. நிரம்பிய கலன்களைப் புக்குசிமாவில் அடுக்கிவைத்துக் காத்துவருகின்றனர். தோல் எரியக்கூடியது. எரித்தால் மூட்டைத் தோல் கைப்பிடிச் சாம்பலாகும். உலோகம் அச் சாம்பலில் தங்கும். புகையோடு தூசி பறவாதபடி வடியுள்ள உலையில் எரிக்கவேண்டும். சாம்பலை மூடிய கலத்தில் இட்டு, அதனைப் பொறுப்பேற்கத்தக்க நிலையமொன்றிற் சேர்க்கவேண்டும். எரியாமல் அமிலத்தாற் கழுவி மீண்டும் பயன்படுத்துவதாயினும், கழுவிய அமிலத்துக்கு இதே கணக்குத்தான்.

ஒரு சிற்றூரின் கிணற்றுக்கு இம் முறையை அமைப்பதாயின், சுண்ணாம்பாற் பதப்படுத்தி உலர்த்திய தோலை ஒரு குழாயிற் பொதிந்து, நீரை அதன் வழியே மெல்லச் செலுத்துதல் எளிய ஏற்பாடு. குழாயைக் கொல்லனே செய்து கொடுப்பான். கடினமானது அடுத்த படி. தோலில் உள்ள இடங்கள் நிரம்பியதும் யுரேனியம் தடையின்றிக் கடந்து செல்லத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, அவ்வளவு சிறு செறிவில் சுவையுமில்லை. முதல் நாள் வந்த நீரும் நிரம்பியபின் வரும் நீரும் கண்ணாடிக் குவளையில் ஒரேபோல் தெளிந்திருக்கும். ஆதலாற் குழாயோடு கூடவே, குறித்த காலத்துக்கு ஒருமுறை நீரின் மாதிரியை எடுத்துச்சென்று அளப்பதற்கு ஓர் ஆய்வுகூடமும், தோலை மாற்றவேண்டிய நாளைப் பதிந்துவைக்க ஒரு பொறுப்பாளரும் வேண்டும்.